ரெக்ஸ் சொன்ன ஐசொலேட்டர்

கேள்வி கேட்டது ரேலீன். வண்டி உதிரிபாகக் கடைக்காரன் க்ளைவ் பதில் சொன்னதோ அவளுக்குப் பின்னால் நின்று, கார் ஷாம்பு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷன் டெஸ்ஸுக்கு.

"ரெண்டாவது பேட்டரி எதுக்கு வைக்கிறீங்க டெஸ்? ஃபிரிட்ஜ் மட்டும்தானா?"

"அவரைக் கேக்காதீங்க, அவருக்கு ஒண்ணும் தெரியாது. கேக்கிறது நான்," என்றாள் ரேலீன். நாற்பது வருஷம் நகராட்சி நீச்சல்குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவள். குளத்தின் இந்தக் கரையிலிருந்து பேசினால் அந்தக் கரையில் கேட்கும் குரல். கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். டெஸ் ஷாம்பு பாட்டிலுக்குள் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று தேடினான்.

விஷயம் ஒன்றும் பிரமாதமில்லை. அவர்கள் வண்டியில் இரண்டு பேட்டரி. முன்னது எஞ்சினைக் கிளப்புவதற்கு. பின்னது, காட்டில் கூடாரம் போட்டுத் தங்கும்போது ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டையும் சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிடுகிற சின்னப் பெட்டிதான் ஐசொலேட்டர். அது இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ் இரண்டு பேட்டரியையும் குடித்துவிடும், காலையில் வண்டி கிளம்பாது. அவர்கள் ஊரான வயல்லாவில் இதெல்லாம் பால்குடிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ஆனால் ரேலீனுக்குக் கவலை ஃபிரிட்ஜைப் பற்றி அல்ல. டெஸ்ஸுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் வியாதி. குறட்டை ஏறிக்கொண்டே போகும், திடீரென்று அறுந்துவிடும், அப்புறம் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கியவன் மாதிரி ஒரு திணறல். ராத்திரிக்கு நூறு தடவை. அதற்காக மூக்கில் மாட்டிக்கொள்கிற மூச்சு மிஷின் வீட்டில் சுவரில் செருகியிருக்கிறது. காட்டில் சுவர் ஏது? பின் பேட்டரிதான். "மிஷின் போடாம தூங்கினா மறுநாள் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது," என்று டாக்டர் டெஸ்ஸிடம் சொன்னார். டெஸ் பல்லைக் காட்டித் தலையாட்டினான். ரேலீன் அதை மனசில் வைத்துக்கொண்டாள்.

அதனால் அவள் படித்தாள். வண்டிக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் போட்டுக் கேட்டாள். கேட்டதில் தெரிந்தது இதுதான். பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடுகிற வரைக்கும் மின்சாரம் ஒரே அழுத்தத்தில் வந்துகொண்டே இருக்கும். இப்போது வருகிற வண்டிகள் கஞ்சன்கள். முன் பேட்டரி நிறைந்ததும் எரிபொருளை மிச்சம் பிடிக்க அழுத்தத்தைக் குறைத்துவிடும். பழைய மாதிரி ஐசொலேட்டருக்கு அது புரியாது. எஞ்சின் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின் பேட்டரியைக் கழற்றிவிட்டுவிடும். நாள் முழுக்க ஓட்டினாலும் பின் பேட்டரிக்குச் சாப்பாடு போகாது. புது வண்டிக்கு, குறைந்து வருகிற மின்சாரத்தையும் ஏற்றிக் கொடுக்கிற சார்ஜரோடு சேர்ந்த ஐசொலேட்டர்தான் வேண்டும்.

இதையெல்லாம் அவள் க்ளைவிடம் சொன்னாள். க்ளைவ் முழுசும் கேட்டுவிட்டு, "எடுத்து வைக்கிறேம்மா. எதுக்கும் வீட்ல பேசிட்டு வாங்களேன்," என்றான், டெஸ்ஸைப் பார்த்து.

வீட்டில் யாரிடம் பேச வேண்டுமாம்? சுவரிடமா?

வீட்டில் பேசவில்லை டெஸ். ரெக்ஸிடம் பேசினான். அங்கேதான் வந்தது வினை.

ரெக்ஸ் யார் என்றால், இரும்பாலையில் டெஸ்ஸோடு முப்பது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவன். இப்போது ஊரின் வண்டி கிளப்புக்குத் தலைவன். கிளப்பில் யாரும் ரெக்ஸைக் கேட்காமல் ஒரு ஆணிகூட அடிப்பதில்லை. யாருடைய வண்டிக்கு என்ன மாட்டுவதானாலும் ரெக்ஸின் ஷெட்டில்தான் மாட்டுவார்கள். கூலி கிடையாது. ஒரு பெட்டி பியர் கொண்டுபோனால் போதும், அதையும் அங்கேயே ஆளுக்குப் பாதி குடித்துவிட்டு வரலாம். கூட்டாளி தன் ஷெட்டைத் திறந்து வைத்துக் கூப்பிட்டால் 'வேண்டாம்' என்று சொல்கிறவன் அந்த ஊரில் மனுஷனே இல்லை. ஒருத்தனை வேலையை விட்டு எடுத்தால்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. ரேலீன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினாள். டெஸ் வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பரிசு வாங்கின பையன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

"முடிஞ்சுபோச்சு! ரெக்ஸே மாட்டிக் குடுத்துட்டான்."

ரேலீன் எட்டிப் பார்த்தாள். பழைய மாதிரி ஐசொலேட்டர். பளபளவென்று இருந்தது.

"நான் எடுத்து வைக்கச் சொன்னது எங்கே?"

"ரெக்ஸ் சொன்னான், அதெல்லாம் கடைக்காரன் தலையில கட்டுற வேலையாம். அவனும் இதே வண்டிதானே வெச்சிருக்கான்? அவன் வண்டியிலயும் இதேதான். கிளப்புல ஆறு பேரு இதேதான். எல்லாரும் முட்டாளா?"

"ஆறு பேர்ல எத்தனை பேருக்கு ராத்திரி மூச்சு நின்னுபோகுது?"

"ஆரம்பிச்சிட்டியா! அவன் சனிக்கிழமையை எனக்காக வீணாக்கியிருக்கான் ரேலீன். கழட்டுன்னு போய் எந்த மூஞ்சியோட சொல்றது?"

ரெக்ஸின் சனிக்கிழமைக்கு இருந்த மரியாதை அவள் ராத்திரிகளுக்கு இல்லை. அன்று சாயங்காலமே ரெக்ஸ் வந்தான். வண்டியைக் கிளப்பச் சொல்லி இரண்டு பேட்டரியும் சேர்ந்திருந்தால் எரிகிற சின்ன விளக்கை ஐசொலேட்டரில் காட்டினான்.

"பச்சை எரியுதா இல்லையா?"

எரிந்தது.

"அப்புறம் என்ன ரேலீன்? விளக்கு பொய் சொல்லுமா?"

"இப்பதான் கிளப்பினது, எரியும். அரை மணி ஓட்டினதுக்கப்புறம் எரியுதான்னு பாருங்க."

"ஓடுற வண்டியில பானெட்டுக்குள்ள படுத்துக்கிட்டா பாக்க முடியும்?" என்றான் ரெக்ஸ். டெஸ் விழுந்து விழுந்து சிரித்தான். ரேலீன் கதவை அறைந்து சாத்திவிட்டு உள்ளே போனாள். அத்தோடு விட்டதுதான் தப்பு. தானே போய்க் கழற்றி எறிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் கிளம்பினார்கள். நான்கு வண்டிகள். முதலில் காலர் மலைப்பக்கம் தங்கல், அப்புறம் வடக்கே கூபர் பீடி வரைக்கும். ஃபுட்பால் இறுதிப் போட்டியை மலையடியில் ரேடியோவில் கேட்டார்கள். வெயில் பொசுக்கியது. ரெக்ஸ் ஒரு கையில் பியரோடு, பாட்டிலுக்குப் பஞ்சு உறை மாட்டிக்கொண்டு, நடுவரின் அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்களுக்குப் பியர் அவன் பெண்டாட்டி மாரீன் கொண்டுவந்த ஐஸ் பெட்டியிலிருந்து வந்தது.

முதல் ராத்திரி மிஷின் ஓடியது. இரண்டாம் ராத்திரி நடுவில் நின்றுபோனது. மூன்றாம் ராத்திரி படுத்த கொஞ்ச நேரத்திலேயே செத்தது. ரேலீன் உட்கார்ந்துகொண்டாள். குறட்டை அறுந்ததும் தோளைப் பிடித்து உலுக்குவது, அவன் திணறி மூச்சு வாங்கியதும் விடுவது. இதுதான் விடிய விடிய வேலை.

காலையில் டீ போட்டுக்கொண்டிருந்த ரெக்ஸின் முன்னால் போய் நின்றாள்.

"பகலெல்லாம் ஓட்டியும் பேட்டரி ஏறவே இல்ல. சொன்னேனா இல்லையா?"

"மிஷின்ல அந்த ஈரப்பதம் குடுக்கிற ஹீட்டரு இருக்குமே, அதுதான் உறிஞ்சியிருக்கும்."

"அதை வீட்லயே அணைச்சிட்டேன்."

"அப்போ பேட்டரி சொத்தையா இருக்கும். எந்தக் கடையில வாங்கினீங்க?"

"உங்க ஐசொலேட்டர் மட்டும் சொத்தையா இருக்காதோ?"

ரெக்ஸ் சிரித்தான். டெஸ்ஸின் வண்டியைக் கிளப்பினான். பானெட்டைத் திறந்தான். பச்சை எரிந்தது. மற்ற வண்டிக்காரர்கள் சாமி கும்பிடுகிற பவ்யத்தோடு எட்டிப் பார்த்துவிட்டு, 'எரியுதே' என்றார்கள். அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது.

"நான் ஓட்டறேன்," என்றாள் ரேலீன், டெஸ்ஸிடம்.

"நீயும்தான் தூங்கல. எனக்கு ஒண்ணும் இல்லம்மா, ரெண்டு டீ குடிச்சிட்டேன். எல்லாரும் பாக்கறாங்க, மானத்தை வாங்காதே."

சாவி அவன் கையில் இருந்தது. ரேலீன் ஏறி உட்கார்ந்தாள்.

மண் பாதை முடிந்து க்ளெண்டாம்போவில் தார் ரோடு வந்தது. வடக்கே நேரே ஒரே கோடு. பார்க்க மலையில்லை, மரமில்லை, திரும்ப ஒரு வளைவில்லை. நான்கு வண்டியிலும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிற ரேடியோ, லாரிக்காரர்களும் இருக்கிற நாற்பதாம் சேனலில். முன்னால் இரண்டு வண்டிகள், பின்னால் ரெக்ஸ். எதிரே மூன்று பெட்டி இழுத்துக்கொண்டு ஒரு ரோடு டிரெயின் லாரி வந்தது. ரேலீன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பெரிதாகிக்கொண்டே வந்தது. அப்புறம்தான் அது தங்களுக்கு நேர் எதிரே வருகிறது என்று உறைத்தது. வந்தது அது அல்ல. போனது இவர்கள்.

"டேய் வெள்ளை வண்டி! எங்கடா வர்றே! எங்கடா!" ரேடியோ அலறியது.

டெஸ்ஸின் தலை நெஞ்சில் கிடந்தது. ரேலீன் ஸ்டியரிங்கைப் பிடித்து இடது பக்கம் இழுத்தாள். லாரியின் ஹார்ன் காதுக்குள் புகுந்தது. காற்று வண்டியை ஓர் அறை அறைந்தது. வண்டி சரளைக்கல்லில் இறங்கி, வழுக்கி, உப்புச்செடிகளை நசுக்கிக்கொண்டு போய் நின்றது. டெஸ் கண்ணைத் திறந்து, "வந்துட்டோமா?" என்றான்.

வந்துட்டோமா! ரேலீனுக்கு அவனைக் கட்டிக்கொள்வதா, கன்னத்தில் ஒன்று கொடுப்பதா என்று தெரியவில்லை.

ரெக்ஸ் பின்னால் வந்து நிறுத்தினான். டெஸ் கீழே இறங்கி வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் முகத்தில் அடிக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். ரேலீன் ரெக்ஸின் வண்டிக்கு ஓடிப் பின்கதவைத் திறந்து ஃபிரிட்ஜில் கை வைத்தாள்.

"அதைத் திறக்காதே!" என்று ரெக்ஸ் கத்தினான்.

திறந்தாயிற்று. குப்பென்று ஒரு நாற்றம். சாஸேஜ் பொட்டலம் உப்பிக்கிடந்தது. வெண்ணெய் எண்ணெயாக ஓடியிருந்தது. தண்ணீர் பாட்டிலைத் தொட்டாள். குளிக்கலாம், அந்தச் சூடு. பியர் பாட்டில் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அத்தனையும் சூடு.

அவள் திரும்பினாள். மாரீன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ரெக்ஸ் தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டினான்.

"எத்தனை நாளா?" என்றாள் ரேலீன்.

"அது... இந்தப் பயணத்துலதான் கொஞ்சம் மக்கர் பண்ணுது..."

"ஈஸ்டர்லேர்ந்து," என்றாள் மாரீன், ரோட்டைப் பார்த்தபடியே. "ஈஸ்டர்ல ஆட்டுக்காலே அழுகிப்போச்சு. யாரும் எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி மண்ணுல புதைக்கச் சொன்னாரு. அதுலேர்ந்து நான்தான் ஐஸ் வாங்கிட்டு வர்றேன், ஃபிரிட்ஜ்ல இடம் பத்தலன்னு சொல்லி. இவரு ஃபிரிட்ஜ்ல எடுத்ததுன்னு காட்டிக்கச் சூடு பியரைக் குடிச்சிக்கிட்டுத் திரியறாரு. உறைக்குள்ள இருந்தா யாருக்குத் தெரியும்?"

ஆறு மாசம்! ஒரு மனுஷன் இந்த வெயிலில், இந்த நாட்டில், ஆறு மாசம் சூடு பியர் குடித்திருக்கிறான், தான் சொன்னது தப்பு என்று சொல்ல வாய் வராமல். குடித்துத் தொலையட்டும். அவன் வயிறு, அவன் பியர். ஆனால் டெஸ்ஸுக்கு மாட்டியது ஆகஸ்டில். ஈஸ்டரில் தெரியும். ஆகஸ்டில் மாட்டினான்.

"தெரிஞ்சே மாட்டினீங்க," என்றாள் ரேலீன். குரல் ஏனோ எழும்பவில்லை. "இவருக்கு மூச்சு நிக்கும்னு தெரியும். இது வேலை செய்யாதுன்னும் தெரியும். தெரிஞ்சே என் புருஷன் வண்டியில மாட்டிட்டு, பச்சை எரியுதான்னு என்கிட்ட கேட்டீங்க."

"உன் பேட்டரிக்கு ஒருவேளை சரியாயிடும்னு நெனச்சேன் ரேலீன். ஆறு பேரு என் பேச்சைக் கேட்டு வாங்கியிருக்காங்க. அத்தனை பேர்கிட்டயும் போய் என்னன்னு சொல்ல?"

"'தப்பு'ன்னு சொல்லணும். மூணே எழுத்து."

"சரி சரி, விடு ரேலீன்." இது டெஸ். சக்கரத்தில் சாய்ந்தபடியே, ஒரு கையைத் தூக்கிச் சமாதானம் பண்ணினான். "அவன் வேணும்னா செஞ்சான்? கூட்டாளிங்களுக்குள்ள இதெல்லாம் சகஜம். ஒண்ணும் ஆகலையே?"

ரெக்ஸ் உடனே அதைப் பிடித்துக்கொண்டான். "அதானே! ஒண்ணும் ஆகலையே!"

செத்துப் பிழைத்தவன் வாயாலேயே மன்னிப்பு வாங்கிவிட்டான், கேட்காமலேயே. ரேலீனிடம் ஒருவரும் கேட்கவில்லை. விடிய விடிய உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. அவள் டெஸ்ஸின் கையிலிருந்த சாவியைப் பிடுங்கினாள்.

"ஏறு."

"எங்கே?"

"வீட்டுக்கு."

அவள் முகத்தைப் பார்த்து டெஸ் ஏறினான். வண்டியைத் திருப்பித் தெற்கே விட்டாள். தூக்கம் அவளுக்கும் இருந்தது, ஆனால் கோபம் இமையை மூட விடவில்லை. டெஸ் இரண்டு மைல்கூடத் தாங்கவில்லை. தலை பின்னால் சாய்ந்தது, வாய் திறந்தது, குறட்டை கிளம்பியது.

ரேடியோவில் முன்னால் போன வண்டிக்காரன் கேட்டான்: "என்ன ரெக்ஸ், எங்கே காணோம் உங்களை?"

"ஒண்ணும் இல்லடா," ரெக்ஸின் குரல் பழைய தெம்போடு வந்தது. "டெஸ்ஸுக்கு லேசா கண்ணு அசந்துச்சு, அவ்வளவுதான். ரேலீன் பயந்துபோய் ஒரே ரகளை. வீட்டுக்குத் திருப்பிக்கிட்டுப் போறா. பாவம் டெஸ், இன்னிக்கு அவனுக்கு இருக்கு கச்சேரி!"

அந்தப் பக்கம் சிரிப்பு. இன்னொருவன், "எங்க வீட்டம்மாவும் அப்படித்தான்," என்றான்.

ரேலீன் வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினாள். ரேடியோவின் மைக்கை எடுத்தாள். நீச்சல்குளத்துக் குரலில் கத்தியிருந்தால் கூபர் பீடி வரைக்கும் கேட்டிருக்கும். கேட்டு என்ன? 'ரேலீன் ரகளை' என்று அதற்கும் சிரிப்பார்கள்.

அந்த மைக்கில் ஒரு சௌகரியம் உண்டு. பொத்தானை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கிற வரை, அக்கம்பக்கத்தில் இருக்கிற யாராலும் குறுக்கே பேச முடியாது. கேட்கத்தான் முடியும். அவள் பொத்தானை அழுத்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கையை நீட்டி மைக்கை டெஸ்ஸின் வாய்க்கு நேரே பிடித்தாள்.

குறட்டை ஏறியது. கரகரவென்று, மேலே, இன்னும் மேலே. அறுந்தது.

ஒன்றும் இல்லை. வெயிலில் தார் ரோடு பளபளத்தது. டெஸ்ஸின் நெஞ்சு அசையவில்லை. அவளுக்குக் கை பரபரத்தது, தோளைப் பிடித்து உலுக்க. உலுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பிடித்திருந்தாள். கேளுங்கள். ஒண்ணும் ஆகவில்லை என்றீர்களே, அந்த 'ஒண்ணும்' இதுதான். கேளுங்கள்.

டெஸ் திணறி, உடம்பே தூக்கிப்போட, மூச்சை இழுத்தான். குறட்டை மறுபடி கிளம்பியது. மறுபடி ஏறியது. மறுபடி அறுந்தது. இந்தத் தடவை நீளமாக. இரண்டாவது திணறல் வந்த பிறகுதான் அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். அப்போதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது.

ரேடியோவில் சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு புதுக் குரல் வந்தது. எங்கோ போய்க்கொண்டிருக்கிற லாரிக்காரன் ஒருவன். பயந்துபோயிருந்தான்.

"யாரும்மா அது? அந்த ஆளு... உசுரோட இருக்காரா?"

ரேலீன் பொத்தானை அழுத்தினாள்.

"தெரியல. ரெக்ஸைக் கேளுங்க. அவருக்குத்தான் எல்லாம் தெரியும்."